கடைமடையிலிருந்து தலைமடைக்கு: கம்பத்தில் ஒரு குடும்பத்தின் முதல் வருடம்

2023 மே 28, ஞாயிற்றுக்கிழமை. தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிய ஒரு சின்ன சரக்கு வண்டி மாலை நான்கு மணிவாக்கில் கம்பத்துக்குள் நுழைந்தது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் விடியும் முன் கிளம்பி, தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், வத்தலக்குண்டு, தேனி என்று வந்த வண்டி. டிரைவர் பக்கத்தில் குடும்பத் தலைவர். அவருடைய அம்மா, மனைவி, எட்டாம் வகுப்புக்குப் போகும் மகள், நான்காம் வகுப்புக்குப் போகும் மகன் ஆகிய நால்வரும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.

சுருளிப்பட்டி சாலைக்குத் திரும்பும் இடத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். அதற்கு மேல் போகக்கூடாது. முதல் நாள் காலையில்தான் அரிக்கொம்பன் யானை கம்பம் நகரத் தெருக்களில் ஓடியிருந்தது. ஊரில் 144 தடை உத்தரவு. கேரளாவில் சின்னக்கானல் பகுதியில் ஏப்ரல் கடைசியில் பிடித்து, பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விடப்பட்ட யானை அது. அங்கே நிற்காமல் மேகமலைப் பக்கம் வந்து, பிறகு கம்பத்துக்கே இறங்கிவிட்டது. இவர்கள் குடியேற வேண்டிய வீடு சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் இருந்தது. யானையும் அந்தப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆகவே புது ஊரில் முதல் எட்டு நாளும் கம்பம் நகருக்குள் மைத்துனரின் ஒற்றை அறை வீட்டில் கழிந்தன. பாத்திர மூட்டையைப் பிரிக்கவே இல்லை. ஜூன் 5-ம் தேதி விடியற்காலையில் யானைக்கு மயக்க ஊசி போட்டுப் பிடித்து, களக்காடு முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று செய்தி வந்தது. தெருவே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. அம்மா மட்டும், "பழகுன எடத்துலேருந்து தூக்கிட்டு வந்து வேற எடத்துல விட்டா அது எப்படிப்பா நிக்கும்" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை.

பெயர் போட வேண்டாம் என்பது அந்தக் குடும்பத்தின் விருப்பம். நிலத்தை விற்காமலே ஊர் மாறுகிற குடும்பங்கள் இப்போது நிறைய இருக்கின்றன. அப்படி மாறுகிறவர்கள் புது மண்ணில் முதல் வருடம் எதைப் பார்க்கிறார்கள், எதைப் பார்க்கத் தவறுகிறார்கள் என்பதற்கு இவர்களுடைய அனுபவம் உதவும்.

இவர்களுக்குச் சொந்த நிலம் ஐந்து மா. மூன்று மா ஓர் ஏக்கர் என்பது டெல்டா கணக்கு. அதில் கொல்லைப் பக்கம் இருந்த தென்னைகளை 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் படுக்கவைத்துவிட்டது. தென்னை போனால் மறுபடி காய் பார்க்க எத்தனை வருடம் ஆகும் என்பது விவசாயிகளுக்குத் தெரியும். வயல் இருப்பதோ கடைமடை. மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் வந்து சேர நாளாகும். வந்தால் ஒரேயடியாக மழையோடு வந்து மூழ்கடிக்கும், இல்லாவிட்டால் வராது. நிலத்தடி நீர் உப்பு. கடன் ஏறிக்கொண்டே இருந்தது. கம்பத்தில் பத்து வருடமாக இருக்கும் மைத்துனர், "மச்சான், ஒரு தோட்டத்தைப் பார்த்துக்க ஆள் கேட்கிறாங்க. வீடும் கொடுப்பாங்க" என்று சொன்னபோது மனைவிதான் முதலில் சரி என்றார். நிலத்தைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்தார்கள்.

மாட்டை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றது. உம்பளாச்சேரிப் பசு ஒன்று, கன்று இரண்டு. அந்த இனத்துக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக, நெற்றியிலும் கால்களிலும் வெள்ளையோடு இருக்கும். வளர வளரச் சாம்பல் நிறத்துக்கு மாறும். டெல்டாச் சேற்றில் இறங்கி உழைப்பதற்கென்றே அமைந்த மாடு. லாரியில் முந்நூறு கிலோமீட்டர் ஏற்றிவர மனம் வராமல் விற்றார்கள். அந்தப் பணமும், மனைவியின் நகையை அடகு வைத்த பணமும் சேர்ந்து மூன்று லட்சம் ரூபாய் கையில் இருந்தது. கம்பத்தில் ஏதாவது ஒரு நிலத்தில் போடலாம் என்று கொண்டுவந்த பணம். அம்மா தனியாக ஒரு துணிப்பையில் மாப்பிள்ளைச் சம்பா விதை நெல் இரண்டு படி எடுத்து வந்தார்.

தோட்டத்து வீட்டுக்குப் போன முதல் நாள் அம்மாவைத் திணறடித்தது மலை. கடலோரச் சமவெளியில் அறுபத்தைந்து வருடம் இருந்தவர் அவர். நாலு பக்கமும் வானம் தரையைத் தொடுவதைப் பார்த்தே பழக்கம். கம்பமோ ஒரு பள்ளத்தாக்கு. மேற்கே கம்பம்மெட்டு மலை, கிழக்கேயும் தெற்கேயும் சுருளி, மேகமலைத் தொடர். மாலையில் சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய்விடுகிறது. வெளிச்சம் மட்டும் நெடுநேரம் மிச்சம் இருக்கிறது. விளக்கேற்றும் நேரம் எது என்று அவருக்கு ஒரு வாரம் பிடிபடவில்லை. "மலைய இவ்வளவு கிட்டத்துல வச்சிக்கிட்டு எப்படித்தான் தூங்குறாங்களோ" என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

மருமகளுக்கோ மலை ஒரு பொருட்டாகவே இல்லை. அவருக்குத் தண்ணீர்தான் அதிசயம். குழாயில் வந்த தண்ணீரை வாயில் ஊற்றிப் பார்த்தவர், இன்னொரு செம்பு பிடித்துக் குடித்தார். உப்புத் தண்ணீரில் சமைத்துப் பழகிய வீடுகளில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும், துணிக்கு எவ்வளவு சோப்பு தேய்க்க வேண்டும் என்பது கடலோரத்துப் பெண்களுக்குத் தெரியும். இங்கே பருப்பு சட்டென்று குழைந்தது. முதல் மாதம் சோப்புச் செலவு பாதியானது என்று அவர் இன்றும் சொல்கிறார்.

பேச்சும் மாறியது. பக்கத்துத் தோட்டத்துப் பெண் வந்து "மதினி" என்று கூப்பிட்டபோது யாரைக் கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார். ஊரில் அண்ணி என்றுதான் சொல்வார்கள். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?" என்ற கேள்விக்கு மகள்தான் இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள்: சோற்றுக்குத் தொட்டுக்கொள்வது. பிள்ளைகள் அப்பாயி என்று கூப்பிடும் பாட்டியைத் தெருவே அப்பத்தா ஆக்கிவிட்டது. ஏரி, குளம் எல்லாம் இங்கே கண்மாய். மா, வேலி என்று நில அளவு சொன்னால் யாருக்கும் புரியவில்லை. சென்ட், ஏக்கர்தான்.

விடியற்காலை ஐந்து மணிக்கு ஜீப் சத்தம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கி மலைக்குப் போகும் ஜீப்புகள். கையில் தூக்குவாளி, தலையில் துண்டு, ஒரு வண்டிக்குள் அத்தனை பேர். மனைவியையும் கூப்பிட்டார்கள். கூலி நன்றாக இருந்தது. ஆனால் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வர முடியும், மலைப்பாதையில் அந்த ஜீப் வளைகிற வளைவைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது என்று போகவில்லை. மூன்றாம் மாதம் பணம் தட்டியபோது போனார். இப்போதும் கவாத்து வேலை இல்லாத நாட்களில் போகிறார்.

அந்தத் தோட்டத்து வீட்டைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பன்னீர்த் திராட்சைக்குக் கம்பம் பள்ளத்தாக்கு பெயர் போனது. 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தலில், கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் நான்கு மாதத்தில் பழம் வரும். ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து நடக்கும். அதனால்தான் வருடம் முழுக்க இங்கே பழம் கிடைக்கிறது. மருந்தும் வருடம் முழுக்க அடிக்கிறார்கள். சாரல் விழும் மாதங்களில் அடிச்சாம்பல் நோய்க்குப் பயந்து தெளிப்பு இன்னும் கூடும். வீட்டு ஜன்னல் மேற்கே பார்த்து இருந்தது. ஆனி, ஆடியில் மேற்குக் கணவாய்க் காற்று அடிக்கும்போது பக்கத்துப் பந்தலில் அடித்த மருந்து நேராக அடுப்படிக்கு வந்தது. பையனுக்கு இருமல். குடும்பத் தலைவரே மருந்தடிக்கிறவர் என்பதால் மனைவி ஒரு சட்டம் போட்டார்: தெளித்த சட்டையோடு வாசல்படி மிதிக்கக்கூடாது, வெளியே குளித்துவிட்டுத்தான் பையனைத் தொட வேண்டும். அடுப்பைக் கிழக்குப் பக்கம் மாற்றினார்கள். தோட்டத்துக்குள் வீடு இலவசம் என்று கேட்டவுடன் தலையாட்டுகிறவர்கள், அந்த ஊரில் காற்று எந்தத் திசையிலிருந்து எந்த மாதம் அடிக்கிறது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடும்பத் தலைவருக்கு மலையும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. அவர் பார்த்தது வாய்க்கால். ஜூன் 1-ம் தேதி பெரியாறு அணைத் தண்ணீரை முதல் போகத்துக்குத் திறந்தபோது அவர் மைத்துனரோடு லோயர்கேம்ப் பக்கம் போய் நின்று பார்த்தார். லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் இந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது. மலைக்கு அந்தப் பக்கம் மேற்கே ஓடிக் கடலில் சேரும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பியது 1895-ல். கட்டியவர் பென்னிகுயிக். டீக்கடையிலும் வீட்டுச் சுவரிலும் அவர் படம் மாட்டியிருப்பதைப் பார்த்து அம்மா, "யாருப்பா இந்தத் துரை, எல்லா ஊட்டுலயும் மாட்டியிருக்காங்க" என்று கேட்டார். சொன்னதும் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். பிறகு, "நம்ம பக்கம் யாரும் மேட்டூர் கட்டுனவர் படம் மாட்டலியே" என்றார்.

கடைமடைக்காரருக்குத் தலைமடையைப் பார்ப்பது ஒரு வலி. ஊரில் தண்ணீர் வரும் ராத்திரி வாய்க்கால் கரையில் டார்ச் லைட்டோடு படுத்துக் கிடந்தவர் அவர். இங்கே திறந்த சில நாளில் வயலில் தண்ணீர். ஜூன் 12-ம் தேதி காலை மகளைப் புதுப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வெளியே வந்தபோது போனில் செய்தி: மேட்டூர் திறந்தாகிவிட்டது. அந்த வருடம் வெயிலுக்காகப் பள்ளித் திறப்பைத் தள்ளிவைத்ததால் இரண்டும் ஒரே நாளில் வந்தன. அவர் உடனே சித்தப்பாவுக்குப் போன் போட்டார். குறுவை போடட்டுமா என்று சித்தப்பா கேட்டார். போடுங்கள் என்று இவர் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பின்னால் பல நாள் நினைத்துக்கொண்டார். அந்த ஆண்டு காவிரியில் வரத்து பொய்த்தது. கடைமடையில் குறுவை கருகியது. அக்டோபரில் மேட்டூரையே மூட வேண்டியதாயிற்று.

அவர் ஓர் இடத்தில் ஏமாந்தார். தலைமடையில் வாழ்வதால் தலைமடைத் தண்ணீர் எல்லாருக்கும் கிடைக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு விழுந்துவிட்டது. பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. கீழே நெல், நடுவே தென்னை, வாழை, மேலே திராட்சைப் பந்தல். டெல்டாவில் பச்சை என்றால் வாய்க்கால் தண்ணீர் என்று அர்த்தம். இங்கே அப்படி இல்லை. வாய்க்காலுக்குக் கீழே இருக்கும் நிலம் ஆயக்கட்டு. வாய்க்காலுக்கு மேலே, இருபது அடி தள்ளி இருந்தாலும் அது கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் நம்பி இருக்கும் மேட்டு நிலம். பதினெட்டாம் கால்வாய் மாதிரி மேட்டுப் பக்கத்துக் கண்மாய்களுக்குப் போகும் கால்வாய்களும் உண்டு. ஆனால் அணையில் தண்ணீர் போதுமான அளவு இருக்கும் வருடங்களில்தான் அவற்றில் திறப்பார்கள், அதுவும் குறிப்பிட்ட நாட்களுக்கு. சாலையில் பஸ்ஸில் போகிறவருக்கு இரண்டு பச்சையும் ஒன்றாகத்தான் தெரியும்.

ஆடி மாதம் ஒருவர் வந்தார். கிழக்கே அடிவாரத்தை ஒட்டி ஒன்றரை ஏக்கர் பன்னீர்ப் பந்தல். உரிமையாளருக்குப் பணமுடை, மூன்று வருட ஒத்திக்குத் தருகிறார். மூன்று லட்சம் போதும், மீதியைப் பழம் வெட்டிக் கொடுத்தால் போதும். குடும்பத் தலைவர் போய்ப் பார்த்தார். கொடி நன்றாகத் தேறியிருந்தது. கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் தளும்பியது. மூன்று போஸ் மின் இணைப்பும் இருந்தது. மைத்துனருக்கும் பிடித்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது.

சனிக்கிழமை மாலை குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள். மனைவி பந்தலைப் பார்த்தார். அம்மா நேராகக் கிணற்றடிக்குப் போனார். டெல்டாவில் அவருக்குக் கிணறு சொந்தமாக இருந்ததில்லை. ஆனால் கோயில் குளத்துப் படியில் தண்ணீர்க் கறையைப் பார்த்து, போன கோடையில் எத்தனை படி இறங்கியது என்று சொல்லத் தெரியும். கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு நிலத்துக்காரரிடம் கேட்டார்: "தம்பி, தண்ணி இங்க நிக்குது. மோட்டார் வைக்கிற திட்டு ஏன் அவ்வளவு கீழ இருக்கு?"

தெளிந்த தண்ணீருக்குள் அந்தத் திட்டு மங்கலாகத் தெரிந்தது. பழைய திட்டு ஒன்று மேலே. அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒன்று. கோடைக்குக் கோடை மோட்டாரை இறக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். நிலத்துக்காரர் சிரித்துச் சமாளித்தார். அந்த நேரத்தில் பந்தலுக்குள் விளையாடிக்கொண்டிருந்த பையன் ஓடிவந்து, "அப்பா, இங்க மூணு குழாயிக்குக் கல்லு வச்சு மூடியிருக்காங்க" என்றான். மூன்று ஆழ்துளைக் கிணறுகள் போட்டுத் தண்ணீர் நின்றுபோய் மூடியவை. மூடி வைத்திருந்தார்களே என்று அந்த அளவுக்கு நிலத்துக்காரரைப் பாராட்டத்தான் வேண்டும்.

கைக்கெட்டும் தண்ணீர் எப்படி வந்தது? வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கி, கீழே வயல்களில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டி நிறுத்தினால், பக்கத்துக் கிணறுகளில் ஊற்று தானாக ஏறும். சாரலும் பெய்துகொண்டிருந்தது. ஆடியில் பார்த்தால் அந்தப் பள்ளத்தாக்கில் பெரும்பாலான கிணறு நன்றாகத்தான் இருக்கும். கிணற்றைப் பார்க்க வேண்டிய மாதம் பங்குனி, சித்திரை. அப்போது பார்க்க முடியாதவர்கள் சுவரில் கறை, இறக்கிய திட்டு, சுற்றிலும் மூடிய குழாய்கள், வரப்போரத் தென்னையின் மட்டை எப்படித் தொங்குகிறது என்று இவற்றைப் பார்க்கலாம். மோட்டார் கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடும் என்று நிலத்துக்காரரைக் கேட்காமல், அங்கே தண்ணீர் பாய்ச்சிய கூலிக்காரரைக் கேட்க வேண்டும். ஒத்திப் பத்திரம் எழுதும் முன் வில்லங்கம், பட்டா பார்ப்பவர்கள் பலர். தண்ணீரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முன்பணம் கொடுக்கவில்லை. வீட்டில் இரண்டு நாள் சண்டை. "பதினஞ்சு நாளா ஊருக்குள்ள பேசியாச்சு, இப்ப வேண்டாம்னா என்ன மதிப்பு" என்று மைத்துனர் கோபித்துக்கொண்டார். குடும்பத் தலைவருக்கும் மனம் ஆறவில்லை. கூலிக்கு இன்னொருவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது என்பது அவர் கேள்வி. மனைவி நகை அடகுச் சீட்டை எடுத்து முன்னால் வைத்தார். அதோடு பேச்சு நின்றது. மைத்துனர் ஒரு மாதம் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஐப்பசியில், முதல் போகம் அறுத்த பிறகு, ஆயக்கட்டுக்குள் எண்பது சென்ட் வயல் இரண்டாம் போகத்துக்குக் குத்தகைக்குக் கிடைத்தது. தெரிந்த பயிர்தானே என்று இறங்கினார். அங்கேயும் மண் அவரைத் திருத்தியது. டெல்டாக் களியில் ஒரு முறை தண்ணீர் கட்டினால் நாலைந்து நாள் அசையாமல் நிற்கும். இங்கே மணல் சேர்ந்த மண். இன்று கட்டிய தண்ணீர் நாளை மறுநாள் காணவில்லை. வரப்பில் எலி வளை இருக்கிறதோ என்று இரண்டு நாள் தேடினார். பக்கத்து வயல்காரர் சிரித்துவிட்டு, இன்னொரு சால் சேற்றுழவு ஓட்டி, வரப்பை அண்டை வெட்டிப் பூசச் சொன்னார். அதன் பிறகு நின்றது. ஊர்ப் பழக்கத்தில் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட் வாங்கி வைத்திருந்தார். மண் பரிசோதனை முடிவு வரும் வரை போடாமல் பொறுத்திருந்தார். அந்த வயலில் துத்தநாகம் போதுமான அளவு இருந்தது. வாங்கியதைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

குத்தகை வாய்வார்த்தைதான். டெல்டாவில் போலவே இங்கேயும் நிலத்துக்காரர்கள் எழுத்துக்கு வர மாட்டார்கள். சாகுபடி செய்கிறவர் இவர் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று இல்லாவிட்டால் கூட்டுறவுக் கடனும் பயிர்க் காப்பீடும் எட்டாது. அதற்கு மட்டும் நிலத்துக்காரரைக் கெஞ்சி ஒரு கையெழுத்து வாங்கினார்.

துணிப்பையில் வந்த மாப்பிள்ளைச் சம்பா என்ன ஆயிற்று? ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும் நெல் அது. ஜூனில் தண்ணீர் திறந்து அக்டோபருக்குள் அறுத்துவிடும் முதல் போகத்தில் அதற்கு இடமில்லை. இரண்டாம் போகத்துக்கும் காலம் தாழ்ந்துவிடும். குறுகிய கால ரகங்கள்தான் இந்தப் பள்ளத்தாக்கின் கணக்கு. அம்மா விடவில்லை. ஆவணியில் வீட்டுக்குப் பின்னால் குளிக்கிற தண்ணீர் போகும் இடத்தில் ஒரு சென்ட் அளவுக்குப் பாத்தி கட்டி நட்டார். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுயரம் வளர்ந்த நெல்லைப் பார்க்க வந்தார்கள். மயிலும் வந்தது. கதிர் பிடித்த நாளிலிருந்து அறுக்கும் வரை பழைய சேலைகளைக் கட்டி, பையனைக் காவல் வைத்தார். மயில் தின்றது போக இரண்டு மரக்கால் தேறியது. கொண்டு வந்ததற்கு அது மோசமில்லை.

மாட்டுப் பொங்கல் அன்று கம்பம் நந்தகோபாலன் கோயில் தொழுவத்துக்குப் போனார்கள். அங்கே கும்பிடுவது மாடுகளைத்தான். நேர்ந்துகொண்டு விட்ட கன்றுகள் வளர்ந்து நிற்கும் பெரிய தொழுவம் அது. பழம், கரும்பு, அகத்திக்கீரை என்று அவரவர் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மலைமாடுகளின் கூட்டத்துக்குள் அம்மா ஒரு மணி நேரம் நின்றார். செந்நிறத்தில் நெற்றி வெளுத்த கன்று ஒன்று கண்ணில் பட்டதாம். உம்பளாச்சேரி இல்லை, இது வேறு என்று அவருக்கே தெரியும். ஆனாலும் வீட்டுக்கு வந்து, விற்ற பசுவை வாங்கியவருக்குப் போன் போடச் சொன்னார். சினையாக இருப்பதாகச் சொன்னார்கள்.

பங்குனியில் எண்பது சென்ட்டில் 60 கிலோ மூட்டை 27 கண்டது. குத்தகையும் செலவும் போகப் பெரிதாக மிஞ்சவில்லை. ஆனால் நகையில் பாதியை மீட்க முடிந்தது. டெல்டா நிலத்தை விலைக்குக் கேட்டு அதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள். தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி வேண்டாம் என்கிறார், அம்மாவைக் கேட்கவே யாருக்கும் தைரியம் இல்லை. ஆயக்கட்டில் சொந்தமாக வாங்க வேண்டுமென்றால் அந்த விலைக்கு இந்தக் குடும்பம் எட்டாது என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

அடிவாரத்துத் திராட்சைத் தோட்டத்தை உத்தமபாளையம் பக்கத்துக்காரர் ஒருவர் ஒத்திக்கு எடுத்திருந்தார். ஐப்பசிக்கு வந்த வெட்டு மழையில் கொஞ்சம் வெடித்தாலும், மாசியில் வந்த வெட்டு நல்ல விலைக்குப் போனது. அதைக் கேட்டு இரண்டு நாள் தலைவர் சரியாகச் சாப்பிடவில்லை. "எடுத்திருக்கலாம்" என்று மைத்துனரும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

2024 சித்திரையில், கடும் வெயிலில், சுருளிக்குப் போய்த் திரும்பும்போது அம்மாதான் அந்தத் தோட்டத்துப் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னார். கிணற்றில் இரண்டு திட்டுகள் காய்ந்து வெளியே தெரிந்தன. மூன்றாவதில் மோட்டார் இருந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் தண்ணீர். ஒத்திக்கு எடுத்தவர் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது, மறுபடி ஊறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது என்றார். பந்தலில் பாதி வரிசைக்குத்தான் தண்ணீர் போயிருந்தது. ஜூன் 1-க்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

அம்மா கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. கிளம்பும்போது அவரிடம், "வேருக்குக் கீழ மூடாக்குப் போடுப்பா. தென்னமட்டை எங்ககிட்ட கெடக்கு, வந்து எடுத்துக்க" என்றார். மறுநாள் காலை அவர் டிராக்டரோடு வந்து ஏற்றிக்கொண்டு போனார்.